சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் யார் வேண்டுமானாலும் ஆடக்கூடிய கோல்ஃப் மைதானங்களில் எவை சிறந்தவை?

சான் ஹோசேக்கு வேலை மாற்றி வந்திருக்கிறீர்கள். கோல்ஃப் ஓரளவு ஆடுவீர்கள், கிளப் மெம்பர்ஷிப் வாங்கும் எண்ணம் இல்லை. பணம் கட்டினால் யாரையும் உள்ளே விடும் மைதானங்களில் உண்மையிலேயே நல்லவை எவை என்று கேட்டிருக்கிறீர்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடிக்கடி போக ஷார்ப் பார்க், வருஷத்துக்கு ஒரு தடவை ஹார்டிங் பார்க், கொஞ்சம் பணம் சேர்த்து வைத்து ஒரு நாள் பாசாட்டியெம்போ. வேறு நல்ல இடங்களும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன். ஆனால் இந்த மூன்றுக்கும் போகாமல் இந்த வட்டாரத்தை விட்டுப் போய்விடாதீர்கள்.

நம் ஊரில் கோல்ஃப் ஆடப் பழகியவர்களுக்கு இங்கே முதலில் நம்பச் சிரமமாக இருப்பது, மைதானம் ஊருக்குச் சொந்தமாக இருப்பது. சென்னையில் காஸ்மோபாலிட்டன், ஜிம்கானா என்று கிளப் வழியாகத்தான் பெரும்பாலும் உள்ளே போக முடியும். இங்கே நகராட்சியே நூலகம் நடத்துவது போல கோல்ஃப் மைதானமும் நடத்துகிறது. இவை தவிர, தனியார் நடத்தினாலும் அன்றன்றைக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு எல்லாரையும் விடும் இடங்கள் உண்டு. உறுப்பினர்கள் இருந்தும் தினமும் சில டீ டைம்களை, அதாவது ஆட்டம் தொடங்கும் நேரங்களை, வெளியாருக்கு விற்கும் இடங்களும் உண்டு. நீங்கள் தேடுவது இந்த மூன்று வகையும்தான்.

ஷார்ப் பார்க்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். இது பசிஃபிகா ஊரில், கடலை ஒட்டி இருக்கிறது. ஆனால் சொந்தக்காரர் சான் பிரான்சிஸ்கோ நகரம். 1917-இல் ஷார்ப் குடும்பத்து நிலம் பொழுதுபோக்குப் பூங்காவுக்கென்று நகரத்திடம் வந்தது. 1932-இல் மைதானம் திறந்தது. வடிவமைத்தவர் அலிஸ்டர் மெக்கென்ஸி. கோல்ஃப் பார்ப்பவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அகஸ்டா நேஷனல், மான்டரே கடற்கரையில் இருக்கும் சைப்ரஸ் பாயிண்ட், ஆஸ்திரேலியாவில் ராயல் மெல்பர்ன் ஆகியவற்றிலும் இவர் கைவண்ணம்தான். அகஸ்டாவிலும் சைப்ரஸ் பாயிண்ட்டிலும் உறுப்பினர் யாராவது கூப்பிட்டால் ஒழிய கால் வைக்க முடியாது. அதே மனிதர் வரைந்த பதினெட்டு ஹோல்களை இங்கே நகராட்சிக் கட்டணத்தில் ஆடலாம். உலகத்தில் இப்படி ஒரு வாய்ப்பு மிகச் சில ஊர்களுக்குத்தான் இருக்கிறது.

மெக்கென்ஸி முதலில் டாக்டர். தென்னாப்பிரிக்காவில் போயர் போரின்போது, போயர் வீரர்கள் நிலத்தோடு நிலமாகத் தங்களை மறைத்துக்கொண்டு சண்டையிட்டதைக் கவனித்தார். அந்தப் பாடத்தைப் பிற்காலத்தில் மைதானம் போடப் பயன்படுத்தினார். அவருடைய பங்கர்கள் (மணல் பள்ளங்கள்) இயற்கையான மணல்மேடு போலத் தெரியும், பந்து விழ வேண்டிய குழி இருக்கும் கிரீனுக்குப் பக்கத்தில் இருப்பது போலக் கண்ணை ஏமாற்றும். நடந்து போய்ப் பார்த்தால் நடுவில் இருபது முப்பது யார்டு காலி நிலம் கிடக்கும்.

ஷார்ப் பார்க் இன்றைக்கு அவர் விட்டுப்போன நிலையில் முழுசாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். திறந்த சில வருஷங்களிலேயே புயலும் கடல் அலையும் கரையோர ஹோல்களை அடித்துக்கொண்டு போயின. அப்புறம் கடலுக்கும் மைதானத்துக்கும் நடுவே கரை எழுப்பினார்கள். மெக்கென்ஸியிடம் வேலை பார்த்த ஜாக் ஃப்ளெமிங் சில ஹோல்களை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், பள்ளத்தாக்குக்குள் போட்டார். அந்தக் கரையினால் ஆடும்போது கடல் கண்ணுக்குத் தெரியாது, இரைச்சல் மட்டும் கேட்கும். நடுவில் லகுனா சலாடா என்ற சதுப்பு நிலம் இருக்கிறது. அங்கே கலிஃபோர்னியா செங்கால் தவளையும் சான் பிரான்சிஸ்கோ கார்ட்டர் பாம்பும் வாழ்கின்றன, இரண்டுமே சட்டப் பாதுகாப்பில் இருப்பவை. இதை வைத்துச் சுற்றுச்சூழல் அமைப்புகள் 2011-இல் வழக்குப் போட்டன. மறு வருஷம் வழக்கு தள்ளுபடியானது, மைதானம் தப்பித்தது. மழைக்காலத்தில் அந்தச் சதுப்பை ஒட்டிய ஹோல்களில் தண்ணீர் தேங்கும். பராமரிப்பும் பணக்கார கிளப் அளவுக்கு இருக்காது. அதையெல்லாம் பொருட்படுத்தாதீர்கள். நடந்தே ஆடக்கூடிய சமமான தரை, காற்றோடு மல்லுக்கட்டும் ஷாட்கள், விடியற்காலையிலேயே வந்து நிற்கும் உள்ளூர்ப் பெரியவர்கள் என்று இங்கே கோல்ஃப் எளிமையாக இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவின் பதினெட்டு ஹோல் மைதானங்களில் நான் மனசார முதலிடம் கொடுப்பது இதற்குத்தான்.

ஹார்டிங் பார்க்கின் கதையே வேறு. லேக் மெர்செட் ஏரிக்கரையில், வயதான சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே இருக்கிறது. வில்லி வாட்சனும் சாம் வைட்டிங்கும் போட்ட மைதானம் இது, 1925-இல் திறந்தது. சான் பிரான்சிஸ்கோவில் 1923-இல் இறந்துபோன அமெரிக்க ஜனாதிபதி வாரன் ஹார்டிங்கின் பெயரை வைத்தார்கள். 1964 யுஎஸ் ஓப்பன் வென்ற கென் வென்டூரி சிறுவயதில் ஆடிப் பழகியது இங்கேதான். அப்பேர்ப்பட்ட இடத்தை நகரம் பிறகு கவனிக்காமல் விட்டுவிட்டது. 1998-இல் பக்கத்து ஒலிம்பிக் கிளப்பில் யுஎஸ் ஓப்பன் நடந்தபோது ஹார்டிங்கின் ஃபேர்வேக்களை, அதாவது பந்தை அடித்துக்கொண்டு போகும் புல்வெளிகளை, கார் நிறுத்தப் பயன்படுத்தினார்கள். அந்த அளவுக்குக் கீழே போயிருந்தது.

அதைத் தூக்கி நிறுத்தியவர் சாண்டி டேட்டம். வழக்கறிஞர், அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் முன்னாள் தலைவர். எந்த கிளப்பிலும் மரியாதையோடு ஆடக்கூடிய அந்த மனிதர் பல வருஷம் நகர அதிகாரிகளிடம் நடையாய் நடந்து, ஊர்ப் பொது மைதானம் ஒன்று உலகத் தரத்தில் இருக்க வேண்டும் என்று வாதாடினார். 2003-இல் புதுப்பித்துத் திறந்தார்கள். இரண்டே வருஷத்தில் டைகர் உட்ஸ் அங்கே ஜான் டேலியை பிளே-ஆஃபில் வென்று உலக சாம்பியன்ஷிப் போட்டி ஒன்றை ஜெயித்தார். 2009-இல் பிரெசிடென்ட்ஸ் கப் நடந்தது. 2020-இல் கோல்ஃபின் நான்கு பெரும் போட்டிகளில் ஒன்றான பிஜிஏ சாம்பியன்ஷிப். கொரோனா காலம் என்பதால் பார்வையாளரே இல்லை. பெர்க்லியில் படித்து முடித்து ஒரு வருஷமே ஆன கொலின் மோரிகாவா, கடைசி நாளில் 16-ஆவது ஹோலின் டீயிலிருந்து, அதாவது முதல் ஷாட் அடிக்கும் மேடையிலிருந்து, நேராக கிரீனுக்கே அடித்து, ஏழடி தூரத்தில் பந்தை நிறுத்தி, இரண்டே ஷாட்டில் ஹோலை முடித்து ஈகிள் எடுத்துப் பட்டத்தை வென்றார். அது பார்-4 ஹோல், அதாவது நான்கு ஷாட்டில் முடிக்க வேண்டியது, அன்றைக்கு 294 யார்டு வைத்திருந்தார்கள். நீங்கள் போனால் அதே டீயில் நின்று அடித்துப் பார்க்கலாம். 18-ஆவது ஹோல் அதைவிட அழகு. ஏரியின் ஒரு மூலையைத் தாண்டி அடிக்க வேண்டும், ஃபேர்வே இடப்பக்கம் வளையும். எவ்வளவு தண்ணீரைத் தாண்டத் துணிகிறீர்களோ அவ்வளவு குறையும் அடுத்த ஷாட்டின் தூரம்.

ஹார்டிங்கில் ஒரு விஷயம் கவனியுங்கள். சான் பிரான்சிஸ்கோவில் குடியிருப்பவர்களுக்கு ஒரு கட்டணம், மற்றவர்களுக்கு வேறு கட்டணம், இரண்டுக்கும் இடைவெளி பெரிது. சான் ஹோசேவாசியான உங்களுக்கு வெளியூர்க் கட்டணம்தான். அதனால்தான் வருஷத்துக்கு ஒரு தடவை என்றேன். அதே வளாகத்துக்குள் ஃப்ளெமிங் என்ற ஒன்பது ஹோல் மைதானம் இருக்கிறது. அதே மரங்கள், அதே ஏரிக்காற்று, செலவு மிகக் குறைவு. நிறையப் பேர் அதைக் கவனிப்பதில்லை.

நகரத்துக்குள் இன்னும் மூன்று இடங்கள். லிங்கன் பார்க்கின் 17-ஆவது ஹோலில் நிற்கும்போது கோல்டன் கேட் பாலம் கண்ணெதிரே இருக்கும். சுமார் 240 யார்டு நீளமுள்ள பார்-3 அது. ஆட்டமாகப் பார்த்தால் மைதானம் சுமார்தான், மொத்தமே பார் 68, தரையும் மேடுபள்ளம். ஆனால் அந்த நிலத்தின் வரலாறு தெரிந்துகொண்டு போவது நல்லது. அது முன்னாளில் நகரத்தின் பொதுக் கல்லறை. ஏழைகளையும் வந்தேறிகளையும் புதைத்த இடம். கற்களை எடுத்தார்களே ஒழிய உடல்கள் பெரும்பாலும் மண்ணுக்குள்ளேயே இருந்துவிட்டன. 1990களில் அங்குள்ள லீஜன் ஆஃப் ஆனர் அருங்காட்சியகத்தைப் புதுப்பித்தபோது நூற்றுக்கணக்கானவர்களின் எலும்புகள் வெளிப்பட்டன. சீனர்கள் இறுதிச் சடங்கு செய்த கட்டுமானம் ஒன்று இன்றும் மைதானத்துக்குள் நிற்கிறது. அதன் பக்கம் போகும்போது சற்று நின்று பாருங்கள்.

பிரெசிடியோ ராணுவ முகாமாக இருந்த இடம். 1895-இலேயே அங்கே கோல்ஃப் தொடங்கிவிட்டது. நூறு வருஷம் ராணுவத்தினரும் ஒரு கிளப் உறுப்பினர்களும் மட்டுமே ஆடினார்கள். தேசியப் பூங்காத் துறைக்குக் கைமாறியபின் 1995-இல்தான் பொதுமக்களுக்குத் திறந்தது. ஏற்ற இறக்கம் அதிகம், முழங்கால் வலி உள்ளவர்கள் கார்ட் (கோல்ஃப் வண்டி) எடுத்துக்கொள்வது உத்தமம். கோல்டன் கேட் பார்க்கின் ஒன்பது ஹோல் பார்-3 மைதானம் 2024-இல் புதுப்பித்துத் திறந்திருக்கிறது. அமைத்த விதம் அருமை. கிரீனுக்குப் பக்கத்திலிருந்து அடிக்கும் ஷார்ட் கேம் பழகவும், கோல்ஃப் தெரியாத நண்பரை முதல்முறையாகக் கூட்டிப்போகவும் இதைவிட நல்ல இடம் நகரத்துக்குள் கிடையாது.

வளைகுடாவின் கிழக்குக் கரையில் முதலில் கொரிகா பார்க். அலமீடா நகராட்சியின் மைதானம், ஓக்லண்ட் விமான நிலையத்துக்குப் பக்கத்தில். அதன் சவுத் கோர்ஸை ரீஸ் ஜோன்ஸ் புதிதாக வடிவமைத்து 2018-இல் திறந்தார்கள். மெல்பர்ன் பக்கத்து மணல்வெளி மைதானங்களின் பாணி அது. அகலமான ஃபேர்வே, கெட்டியான தரை, பந்தை மேலே தூக்கி அடிக்காமல் தரையோடு ஓட விட்டும் கிரீனை அடையலாம். நம்மில் பலருக்கு எல்லா ஷாட்டையும் உயரமாக அடித்தே பழக்கம். இங்கே ஒரு நாள் ஆடினால் வேறு விதமாக யோசிக்கக் கற்றுக்கொள்வோம். பெர்க்லி மலை மேல் டில்டன் பார்க் இருக்கிறது, 1937-இல் திறந்தது. முதல் ஹோலே செங்குத்தான ஏற்றம், உடம்பு சூடாகும் முன்னே மூச்சு வாங்க வைத்துவிடும். அதைத் தாண்டினால் காட்டுக்குள் நடப்பது போல இனிமையாக இருக்கும். பிளசன்டனில் கலிப்பே பிரிசர்வ் ஒரு நாள் பயணத்துக்குத் தகும், கோடையில் மட்டும் வெயில் கொளுத்தும்.

சரி, உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது? வாராவாரம் ஆடப் போகும் இடம் அரை மணி தூரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டமே நின்றுவிடும். மவுண்டன் வியூவில் ஷோர்லைன், கூகுள் அலுவலகங்களுக்குப் பக்கத்தில். பழைய குப்பைக் கிடங்கை மூடி, அதன் மேல் ராபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸ் ஜூனியர் வடிவமைத்தது. பறவைகள் கூட்டம் கூட்டமாக வரும், கிரீன்களில் அவற்றின் எச்சத்தோடு ஆடப் பழக வேண்டியதுதான். பாலோ ஆல்ட்டோவில் பேலேண்ட்ஸ். வெள்ளத் தடுப்பு வேலைக்காக அங்கே ஓடும் சிற்றாற்றை அகலப்படுத்த வேண்டி வந்தது, அதோடு சேர்த்து மைதானத்தையே ஃபாரஸ்ட் ரிச்சர்ட்சன் மாற்றி வடிவமைத்து 2018-இல் திறந்தார்கள். முன்பு இருந்த மாதிரி முழுக்கப் புல்வெளி இல்லை. சதுப்பு நிலத்துச் செடிகள், மேடுகள், மதியத்துக்கு மேல் சுழன்றடிக்கும் காற்று. தென்வளைகுடாவில் வடிவமைப்புக்காக ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பேலேண்ட்ஸைச் சொல்வேன்.

சான் ஹோசே மியூனிசிபல் எளிமையான, தட்டையான மைதானம், புதிதாக ஆடுபவர்களைப் பயமுறுத்தாது. ஊரின் தெற்குக் கோடியில் சின்னபார் ஹில்ஸ் இருக்கிறது, மூன்று ஒன்பது ஹோல்களாக 27 ஹோல்கள், மலைச்சரிவில் கருவாலி மரங்களோடு அமைதியான இடம். குடும்பத்தில் யாராவது இப்போதுதான் தொடங்குகிறார்கள் என்றால் சன்னிவேலில் சங்கன் கார்டன்ஸ், கூப்பர்ட்டினோவில் பிளாக்பெர்ரி ஃபார்ம், டீப் கிளிஃப் போன்ற சின்ன மைதானங்களுக்கு முதலில் போங்கள். பின்னால் அவசரப்படுத்த ஆள் குறைவு, இரண்டு மூன்று மணி நேரத்தில் வீட்டுக்குத் திரும்பலாம்.

ஹாஃப் மூன் பே பற்றி நிச்சயம் யாராவது சொல்வார்கள். கடலோரத்தில் இரண்டு மைதானங்கள், பக்கத்தில் பெரிய ஹோட்டல். ஓல்டு கோர்ஸின் 18-ஆவது ஹோல் கடல்மேட்டு விளிம்பிலேயே போகிறது, உண்மையாகவே மனசை அள்ளும். ஆனால் அந்த ஒரு ஹோலுக்காகவும் கடல் காட்சிக்காகவும் பெரிய கட்டணம் கொடுக்கிறீர்கள். ஓல்டு கோர்ஸின் நிறைய ஹோல்கள் வீடுகளுக்கு நடுவே போகின்றன. போவதென்றால் ஓஷன் கோர்ஸுக்குப் போங்கள், வெட்டவெளி, காற்று, மரம் குறைவு. பெபிள் பீச்சும் பெயரளவில் பொது மைதானம்தான், 600 டாலருக்கு மேல் கட்டணம் இருப்பதால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்தப் பணத்தைச் சேமிப்பதானால் பாசாட்டியெம்போவுக்குச் சேமியுங்கள். ஹைவே 17-இல் மலையைத் தாண்டி, சாண்டா குரூஸ் போகும் வழியில், நெரிசல் இல்லாத நேரத்தில் ஒரு மணிக்குள் போய்விடலாம். இதுவும் மெக்கென்ஸி. ஆனால் இதை உருவாக்க வேண்டும் என்று கனவு கண்டவர் மேரியன் ஹாலின்ஸ் என்ற பெண்மணி, 1921-இல் அமெரிக்க மகளிர் அமெச்சூர் பட்டம் வென்றவர். நிலத்தைத் தேர்ந்தெடுத்து, பணம் திரட்டி, மெக்கென்ஸியை அழைத்து வேலை வாங்கியவர் அவர். சைப்ரஸ் பாயிண்ட் உருவானதிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. கோல்ஃப் வரலாற்றில் அவர் பெயர் இதைவிடப் பல மடங்கு ஒலித்திருக்க வேண்டும்.

1929 செப்டம்பரில் பாபி ஜோன்ஸ் பெபிள் பீச்சில் நடந்த யுஎஸ் அமெச்சூர் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றார். நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரருக்குத் திடீரென்று சில நாள் ஓய்வு கிடைத்தது. சைப்ரஸ் பாயிண்ட்டில் ஆடினார், செப்டம்பர் 8-ஆம் தேதி பாசாட்டியெம்போ திறப்பு விழா ஆட்டத்திலும் ஹாலின்ஸோடு சேர்ந்து ஆடினார். மெக்கென்ஸியின் வேலை அவருக்குப் பிடித்துப்போனது. பிறகு அகஸ்டாவை உருவாக்க அவரையே அழைத்தார். மெக்கென்ஸி பாசாட்டியெம்போவின் ஆறாவது ஃபேர்வே ஓரத்தில் வீடு கட்டிக் குடியிருந்தார். முதல் மாஸ்டர்ஸ் நடப்பதற்கு முன், 1934 ஜனவரியில் காலமானார்.

மைதானத்தின் உயிர் பின்பாதி ஒன்பதில் இருக்கிறது. பெரிய பள்ளம் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிறது, பாரங்கா என்பார்கள். 16-ஆவது ஹோலைத்தான் தான் அறிந்த சிறந்த பார்-4 என்று மெக்கென்ஸி கருதினார். டீயிலிருந்து பந்து விழும் இடம் தெரியாது, இரண்டாவது ஷாட் அந்தப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும், கிரீன் மூன்று படியாக இறங்கும். கொடி மேல்படியில் இருக்க, பந்து கீழ்படியில் நின்றால் கிரீனில் உருட்டி அடிக்கும் பட் மூன்று நிச்சயம். 18-ஆவது ஹோல் பார்-3, அதுவும் பள்ளத்தைத் தாண்டித்தான். பழைய புகைப்படங்களைப் பார்த்து கிரீன்களையும் பங்கர்களையும் பழைய வடிவத்துக்கே கொண்டுவரும் வேலையை ஜிம் அர்பினா 2024-இல் முடித்தார். உறுப்பினர்கள் இருக்கும் இடம்தான், ஆனால் தினமும் வெளியாருக்கும் நேரம் ஒதுக்குகிறார்கள். முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், முடிந்தால் பையைச் சுமந்து ஆலோசனை சொல்லும் கேடி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். அந்த கிரீன்களில் அவர் சொல்லும் ஒவ்வொரு வார்த்தைக்கும் மதிப்பு உண்டு.

இனி நடைமுறை விஷயங்கள். ஜூன், ஜூலை என்றதும் கோடை என்று டி-ஷர்ட்டோடு கடலோரத்துக்குப் போகாதீர்கள். பனிமூட்டத்தில் நடுங்குவீர்கள். குளிர்ந்த காற்று அடர்த்தி அதிகம், அதனால் பந்தும் வழக்கமான தூரம் போகாது. வழக்கத்தைவிட ஒரு படி கூடுதல் தூரம் அடிக்கும் மட்டையை எடுங்கள். கடலோர மைதானங்களுக்குச் செப்டம்பர், அக்டோபர்தான் பொன்னான காலம். கோடையில் வெயில் வேண்டுமென்றால் சான் ஹோசே பக்கமே ஆடுங்கள், காலை சீக்கிரம். கடலோர கிரீன்களில் போவா என்ற வகைப் புல் அதிகம், மதியத்துக்கு மேல் அது வளர்ந்து பந்து தட்டுத்தடுமாறி ஓடும். அதனாலும் காலை நேரம் நல்லது. தாமதமாகத் தொடங்குபவர்களுக்கான மாலை ட்விலைட் கட்டணம் கணிசமாகக் குறையும், ஆனால் வெளிச்சம் போவதற்குள் பதினெட்டும் முடியாமல் போகலாம்.

ஆள் இல்லையே, தனியாக எப்படிப் போவது என்று தயங்க வேண்டாம். ஒரே ஒருவருக்கான இடம் பெரும்பாலும் கிடைத்துவிடும், ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் ஊழியரான ஸ்டார்ட்டர் உங்களை மூன்று பேர் கொண்ட குழுவோடு சேர்த்துவிடுவார். ஊரில் நட்பு பிடிக்க இதுவே நல்ல வழி. வடக்கு கலிஃபோர்னியா கோல்ஃப் சங்கத்தில் சேர்ந்தால் உங்கள் ஆட்டத் திறனைக் காட்டும் ஹேண்டிகேப் எண் கிடைக்கும். குழந்தைகள் இருந்தால் யூத் ஆன் கோர்ஸ் திட்டத்தில் கட்டாயம் சேருங்கள். 2006-இல் இந்த வட்டாரத்தில்தான் தொடங்கியது, சேர்ந்திருக்கும் மைதானங்களில் பிள்ளைகள் 5 டாலர் அல்லது அதற்கும் குறைவாகக் கொடுத்து ஆடலாம். இவ்வளவு செலவு பிடிக்கும் விளையாட்டை ஒரு சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைக்கு எட்டும்படி செய்திருக்கிறார்கள், எனக்கு இதில் மிகுந்த மகிழ்ச்சி.

இந்த மைதானங்கள் எப்போதும் இருக்கும் என்றும் எண்ண முடியாது. சாண்டா கிளாராவில் ஃபுட்பால் ஸ்டேடியத்துக்கு எதிரே இருந்த நகராட்சி மைதானம் கட்டடங்களுக்காக 2019-இல் மூடப்பட்டது. பொது மைதானங்களை வீட்டுமனையாக மாற்ற ஊக்கத்தொகை தரும் மசோதா ஒன்று கலிஃபோர்னியா சட்டமன்றத்துக்கு வந்து, 2022-இல் நிறைவேறாமல் போனது. வீடு இல்லாத பிரச்சினை இங்கே எவ்வளவு கடுமையானது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் மூடினால் முதலில் போவது ஏழை எளியவர் ஆடும் நகராட்சி மைதானம்தான், தனியார் கிளப்புகள் வேலிக்குள் பத்திரமாக இருக்கும். அதனால் உங்கள் நகர மன்றத்தில் இதைப் பற்றி விவாதம் வந்தால் போய்ப் பேசுங்கள்.

கடைசியாக என் யோசனை: முதல் ஒன்றிரண்டு மாதம் ஷோர்லைனிலும் பேலேண்ட்ஸிலும் ஆடிக் கை பழகட்டும். செப்டம்பர் கடைசியில் ஒரு வார நாள் விடுப்பு எடுத்து, காலை முதல் நேரத்துக்கு ஷார்ப் பார்க்கில் பதிவு செய்யுங்கள், கார்ட் வேண்டாம், நடந்தே ஆடுங்கள். முடித்ததும் கிளப் ஹவுஸில் சாப்பிட்டுவிட்டு, கடலைத் தடுக்க எழுப்பிய அந்தக் கரை மேல் ஏறிக் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வாருங்கள்.